நெய்த கடலில் நிற்பவர் யார்? பழைய டேப்பஸ்ட்ரி பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் பிரஸ்ஸல்ஸில் ஒரு பழம்பொருள் சந்தை. சுவர் அளவு பெரிய நெய்த படம் ஒன்றின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். மார்பு வரை தாடி, வெற்றுடம்பு, சுற்றிலும் தண்ணீர். "நெப்டியூன், முந்நூறு வருடப் பழசு" என்றார் கடைக்காரர். நான் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நல்லவேளை, கூட வந்த நண்பர் துணியின் ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார். அப்புறம் கிழவரின் முழங்கைக்குக் கீழே விரலை நீட்டினார். முழங்கை ஒரு குடத்தின் மேல் சாய்ந்திருந்தது. குடத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கடல் தேவனே இல்லை, ஏதோ ஓர் ஆற்றின் தேவன். துணியோ இயந்திரத்தில் நெய்தது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? பார்க்கத் தெரியாமல் பார்த்தது நான்தான்.

அப்படி நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அருங்காட்சியகத்தில் பார்த்தாலும் சரி, ஏலத்தில் பார்த்தாலும் சரி, வீட்டில் உட்கார்ந்து திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் சரி, முறை ஒன்றுதான். எல்லோரும் நேராக முகத்தைப் பார்ப்பார்கள். நான் சொல்வது அதற்கு எதிர்த்திசை: முதலில் துணி, பிறகு தண்ணீர், அதற்கப்புறம்தான் தேவன். கிழவர்களின் முகம் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். தண்ணீர் அப்படி இருக்காது.

தொடங்கும் முன் ஒரு சொல்

சுவரில் தொங்குகிற துணியெல்லாம் டேப்பஸ்ட்ரி ஆகிவிடாது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் கண்ணுக்கே தெரியாதபடி, குறுக்கே ஓடும் ஊடை நூலை நெருக்கி அடித்து, படத்தையே ஊடையால் நெய்தால்தான் அந்தப் பெயர். இங்கே ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஓடுவதில்லை. நீல அலைக்கு ஒரு நூற்கட்டை, பக்கத்து வெள்ளை நுரைக்கு இன்னொன்று. ஒவ்வொன்றும் தன் நிறம் வேண்டிய இடத்துக்குள் மட்டும் போய்த் திரும்பும்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா, சந்திக்கிற இடத்தில் இரண்டு ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அந்தச் சந்திப்பு கரையோரத்தில் மட்டும் இல்லாமல் படம் முழுக்க, ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு அலைக்கும் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கைதேர்ந்த நெசவாளிக்கே ஒரு சதுர மீட்டர் நெய்ய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

பெயரை நம்பி ஏமாறவும் வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பேயோ டேப்பஸ்ட்ரி உலகப் புகழ் பெற்றது; ஆனால் அது நெசவே இல்லை, லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட தையல் வேலை.

முதல் படி: பின்பக்கம்

கையில் தொட முடிகிற துணி என்றால் முதல் வேலை புரட்டிப் பார்ப்பது. கையால் நெய்ததென்றால் பின்பக்கமும் அதே படம்தான், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி இருக்கும். நூல் முனைகள் தாடிபோல் தொங்கும். வெளிச்சம் படாததால் நிறம் முன்பக்கத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். அடித்துணி வைத்துத் தைத்திருந்தால் ஒரு மூலையிலாவது தையல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் விட்டிருக்கும்.

1804இல் ஜக்கார்ட் தறி வந்த பிறகு இயந்திரத்தில் நெய்த படங்கள் ஏராளமாக வந்தன. அவற்றின் பின்பக்கத்தில் நிறங்கள் துணியின் அகலம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடும். முன்னால் வேண்டாத நூல் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. பிரஸ்ஸல்ஸ் சந்தையில் நான் பார்த்தது அதுதான். அழகான பொருள், ஆனால் வேறு பொருள், வேறு விலை. இன்னொன்றும் உண்டு: வரி வரியான கான்வாஸில் சாயத்தால் வரைந்துவிட்டு டேப்பஸ்ட்ரி போலக் காட்டுவது. 19ஆம் நூற்றாண்டில் இதற்கு நல்ல மவுசு இருந்தது. கிட்டப் போனால் ஒரே நூலில் பாதி நீலம் பாதி பச்சை என்று தெரியும். நெய்த துணியில் நிறம் நூலோடு வரும், நூலின் மேல் ஏறி உட்காராது.

இரண்டாம் படி: வரி எந்தப் பக்கம் ஓடுகிறது

இது தெரிந்தால் பாதி ரகசியம் கையில். துணியின் மேல் மெல்லிய மேடு வரிகள் தெரியும். அவை ஒளிந்திருக்கும் பாவு நூலின் தடங்கள். சுவரில் தொங்கும் ஐரோப்பிய டேப்பஸ்ட்ரியில் அவை பெரும்பாலும் படுக்கை வசத்தில் இருக்கும். அதாவது படத்தைத் தறியில் பக்கவாட்டில் படுக்க வைத்து நெய்திருக்கிறார்கள். நெப்டியூன் தறியில் இருந்தவரை படுத்தேதான் இருந்தார். சுவரில் மாட்டும்போதுதான் எழுந்து நின்றார்.

இதற்கும் கடலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. இரண்டு நிறம் பாவுக்கு இணையாகச் சந்திக்கிற இடத்தில், கோர்வை போட்டுப் பிணைக்காவிட்டால், அங்கே ஒரு கீறல் போன்ற இடைவெளி விழும். பாவு படுக்கை வசம் என்றால் கீறலும் படுக்கை வசம். கடல் படத்தில் மிக நீளமான படுக்கைக்கோடு எது? கடலும் வானமும் சேர்கிற தொடுவானம். நெசவாளிக்குப் பெரிய தலைவலி அந்தக் கோடு. ஒன்று, நெய்து முடித்தபின் ஊசி நூலால் தைத்து மூட வேண்டும். இல்லையென்றால் நீலத்தையும் சாம்பலையும் பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து நெய்ய வேண்டும். நூற்றாண்டுக் கணக்கில் தொங்கும் துணியின் எடை அந்தத் தையலைத்தான் இழுக்கிறது. தையல் விட்டால் தொடுவானம் வாயைத் திறக்கும். பழைய கடல் படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அங்கேதான். பிற்காலத்தில் வேறு நிற நூலால் ஒட்டுப்போட்ட தையல் கண்ணில் படும்.

மூன்றாம் படி: தண்ணீர்

இப்போது மூக்கு துணியில் படாத அளவுக்குக் கிட்டே போங்கள். காவலர் முறைத்தால் ஓர் அடி பின்வாங்குங்கள். அலையில் ஒரு நிறம் அடுத்த நிறத்துக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கரும்பச்சை இளம்பச்சைக்குள் சீப்பின் பற்கள்போல மேலும் கீழுமாகக் கூர்மையாக நுழைந்திருந்தால், அது நெசவாளிகளின் பழைய உத்தி. ஐந்தாறு நிறத்தை வைத்துக்கொண்டு இருபது நிறம் இருப்பதுபோல் கண்ணை நம்பவைப்பது. 16ஆம் நூற்றாண்டு பிரஸ்ஸல்ஸ் வேலையில் இந்தப் பற்களை வெறும் கண்ணாலேயே எண்ணலாம். தூரத்தில் நின்றால் அலை உருளும், கிட்டே வந்தால் வெறும் கோடுகள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த காட்சி இதுதான்.

18ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் கதை வேறு. 1734இல் பிரான்சின் போவே நெசவுப் பட்டறையின் பொறுப்புக்கு வந்த ஓவியர் ஜான் பாப்டிஸ்ட் ஊத்ரி, நெய்த படம் எண்ணெய் ஓவியத்தைப்போலவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். பாரிஸின் கோப்லான் பட்டறையிலும் அவர் இதையே வற்புறுத்த, நெசவாளிகளோடு சண்டையே வந்தது. சாயப்பட்டறைகள் மெல்லிய இடைநிறங்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கின. பற்கள் மறைந்தன, தண்ணீர் வெண்ணெய்போல் வழுக்கியது. பரிதாபம் என்னவென்றால், அந்த மெல்லிய நிறங்கள்தான் சீக்கிரம் வெளுத்தன. நெசவாளிகள் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி.

நிறம் வெளுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம். பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது. நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றித்தான் பச்சை வரும். செடியிலிருந்து எடுத்த அந்த மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் ஓடிவிடும், நீலம் நின்றுவிடும். அதனால்தான் பழைய டேப்பஸ்ட்ரியில் மரங்கள் நீலமாக நிற்கின்றன. மரம் நீலமாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கடல் நீலமாக இருந்தால் யாருக்கும் வராது! நீங்கள் ரசிக்கிற அந்த நீலக் கடல் தறியிலிருந்து இறங்கியபோது பச்சைக் கடலாக இருந்திருக்கலாம். கரையில் நிற்கும் செடிகொடி நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். அது வெளுத்திருந்தால் கடலும் வெளுத்திருக்கும்.

நுரைக்கும் அலையின் மினுக்கத்துக்கும் பட்டு போட்டிருப்பார்கள். மற்ற இடமெல்லாம் கம்பளி. வெளிச்சத்தில் கம்பளி தாக்குப்பிடிக்கும், பட்டு நொறுங்கும். ஆகவே பழைய கடலில் முதலில் காணாமல் போவது நுரை. விலை உயர்ந்த தொகுதிகளில் அதற்குப் பதில் ஜரிகை இருக்கும். நம் பட்டுச்சேலை ஜரிகை போலவே, பட்டு நூலைச் சுற்றி முலாம் பூசிய வெள்ளித் தகடு. வெள்ளி கறுத்துப்போனால் அலையின் உச்சி அழுக்காகத் தெரியும். அதை அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1797இல், அரச குடும்பத்து டேப்பஸ்ட்ரிகள் பலவற்றை அந்தத் தங்கம் வெள்ளிக்காகவே எரித்தார்கள். தப்பித்து நம் முன்னால் தொங்குவது அதிர்ஷ்டம்.

நான்காம் படி: இப்போது தேவனைப் பாருங்கள்

மூன்று கேள்வி போதும். கையில் என்ன, தலையில் என்ன, காலுக்குக் கீழே என்ன.

கையில் மூன்று முனை ஈட்டி இருந்தால் அவர் ரோமானியரின் கடல் தேவன் நெப்டியூன். கிரேக்கர் வாயில் பொசைடன். நமக்குத் திரிசூலம் என்றதும் சிவன் நினைவு வரும். அந்த நினைவை இங்கே கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இது மீன் குத்துகிற ஈட்டி, மீனவர் கருவி. அதே ஈட்டியால்தான் அவர் நிலத்தைக் குத்தி நடுங்க வைப்பார், பாறையைப் பிளந்து ஊற்று எடுப்பார்.

காலுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு பெரிய சிப்பி வண்டியாகியிருக்கும். இழுப்பவை முன்பாதி குதிரை, பின்பாதி மீன் வால் கொண்ட ஹிப்போகாம்புகள். குதிரைகளைப் படைத்தவர் என்பது பொசைடனின் இன்னொரு பெருமை. நெசவாளிக்கு இந்தக் குதிரைகள் கொண்டாட்டம். செதிலும் பிடரியும் நுரையும் ஒரே இடத்தில் சேர்கிறதே. வண்டிக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு மீன்வால் ஆள் போனால் அவன் ட்ரைட்டன், நெப்டியூனின் மகன். படத்தில் ஒரு கூட்டமே ஊதும், எல்லோருக்கும் அதே பெயர்தான்.

பக்கத்தில் அரசிபோல் அமர்ந்திருக்கும் பெண் மனைவி ஆம்பிட்ரைட்டி. டால்பின் மேலும் கடற்காளை மேலும் ஏறிவரும் பெண்கள் நெரீடுகள், கடற்கிழவர் நெரியஸின் ஐம்பது மகள்கள். மிகப் பழைய துணிகளிலேயே இவர்கள் இருக்கிறார்கள். எகிப்தின் வறண்ட மணலில் புதைந்து தப்பிய 4 முதல் 7ஆம் நூற்றாண்டுக் கம்பளித் துண்டுகளில், கடல் விலங்கின் முதுகில் முழங்கை ஊன்றி, பெரிய கண்களோடு உங்களைப் பார்ப்பார்கள். உள்ளங்கை அளவுத் துண்டு, அங்கியில் வைத்துத் தைத்தது. அதுவும் டேப்பஸ்ட்ரி நெசவுதான்.

இனி குழப்பங்கள். குடத்தில் சாய்ந்து, தலையில் நாணலோ இலையோ சூடி, கையில் துடுப்போடு படுத்திருப்பவர் ஆற்றுத் தேவன். என்னைச் சந்தையில் கவிழ்த்தவர். நெப்டியூன் பெரும்பாலும் படுக்க மாட்டார், நின்றோ வண்டியில் அமர்ந்தோ வருவார். தலையில் நண்டின் கொடுக்கு முளைத்திருந்தால் ஓஷியனஸ், பூமியைச் சுற்றி ஓடும் பெருநீரின் தேவன். கடல்நாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் உருமாறும் புரோட்டியஸ். டால்பின் மேல் யாழோடு ஓர் இளைஞன் போனால் தேவனே இல்லை, கொள்ளைக்கார மாலுமிகளிடமிருந்து தப்பிய பாடகன் ஏரியன். காளை மேல் ஒரு பெண் கடலைக் கடக்கிறாள் என்றால் அவள் யூரோப்பா, காளை வேடமிட்ட தேவராஜன் ஜூப்பிட்டர்; கடல் அங்கே வெறும் வழி.

தெட்டிஸ், டெதிஸ் என்று இரண்டு பெயர் வரும், ஒன்றாக்கிவிடாதீர்கள். டெதிஸ் ஓஷியனஸின் மனைவி, மூத்த தலைமுறை. தெட்டிஸ் நெரீடு, கிரேக்க வீரன் அக்கிலீஸின் தாய். 1630களில் ஓவியர் ரூபன்ஸ் வடிவமைத்த அக்கிலீஸ் தொகுதியின் முதல் படத்தில், குழந்தையைக் குதிகாலில் பிடித்துத் தலைகீழாகத் தண்ணீரில் முக்குகிறாளே, அவள் தெட்டிஸ். கடல் தேவதை முக்குவதால் அது கடல் என்று எழுதிவிடுவார்கள். அது பாதாள ஆறு ஸ்டிக்ஸ்.

ஐந்தாம் படி: எந்தக் கதை

ஆளைப் பிடித்துவிட்டால் கதையைப் பிடிப்பது எளிது. ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர் கி.பி. 8 வாக்கில் முடித்த 'உருமாற்றங்கள்' காவியமும் வர்ஜிலின் 'ஈனியட்' காவியமும்தான் பட்டறைகளுக்குச் சுரங்கம். புயலுக்கு நடுவே நெப்டியூன் கையை நீட்டிக் காற்றுகளை அதட்டினால், தள்ளாடும் கப்பல்கள் அந்தக் காவியத்தின் நாயகன் ஈனியஸுடையவை. ஈனியட்டின் முதல் காண்டம்.

ஒரு பெண் பயந்து ஒதுங்க, ஆட்டுக்கால் கொண்ட காட்டுவாசி சாட்டிர் ஓட்டம் பிடிக்க, நெப்டியூன் வந்து நிற்கிறாரா? அவள் அமிமோனி. வறண்டு கிடந்த கிரேக்க நகரம் ஆர்கோஸில் தண்ணீர் தேடப் போன அரசன் தனாவுஸின் மகள். சாட்டிரிடமிருந்து காப்பாற்றிய தேவன் அவளைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டு, லெர்னாவின் ஊற்றையும் காட்டுகிறார். ஃபிரான்சுவா புஷே 1750 வாக்கில் போவே பட்டறைக்காகச் செய்த 'தேவர்களின் காதல்கள்' தொகுதியில் இந்தக் காட்சி உண்டு. ரோஜா நிற உடம்பும் முத்து நிற நீரும். வறண்ட ஊரில் தண்ணீர் தேடப் போன பெண்ணின் கதை அது என்று படத்தைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள்.

ஓவிட்டின் ஆறாம் காண்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே நெசவாளிப் பெண் அரக்னி, நெசவின் தேவி மினர்வாவோடு போட்டிக்குத் தறி ஏறுகிறாள். இருவர் துணியிலும் நெப்டியூன் வருகிறார்! மினர்வா நெய்வது ஏதென்ஸ் நகருக்காக அவரோடு தான் போட்ட போட்டியை: அவர் நின்றபடி நீண்ட ஈட்டியால் பாறையைக் குத்துகிறார், பிளவிலிருந்து கடல்நீர் பாய்கிறது, அவள் ஈட்டி பட்ட இடத்தில் ஒலிவமரம் முளைக்கிறது. கம்பீரமான நெப்டியூன். அரக்னி நெய்வது அதே ஆளின் திருட்டுத்தனங்களை: காளையாக, ஆட்டுக்கடாவாக, குதிரையாக, பறவையாக, டால்பினாக வேடமிட்டுப் பெண்களை ஏமாற்றியதை. மினர்வா தன் துணிக்கு ஒலிவக்கிளையைக் கரையாக நெய்கிறாள், அரக்னி பூவும் ஐவிக்கொடியும் பின்னிய கரையை. குற்றம் காண முடியாத அந்தத் துணியை தேவி கோபத்தில் கிழித்துவிடுகிறாள். அரக்னி சிலந்தியாகிறாள்.

நெப்டியூன் வருகிற எந்த டேப்பஸ்ட்ரியைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்கிற கேள்வி: இது மினர்வாவின் நெப்டியூனா, அரக்னியின் நெப்டியூனா? அரசருக்கு நெய்தவை பெரும்பாலும் முதல் வகை. புஷேயின் படம் வேடம் இல்லாத இரண்டாம் வகை.

ஆறாம் படி: யாருக்காக நெய்தது

கடல் தேவன் சும்மா வந்து உட்கார மாட்டார். மூன்று காரணம் அடிக்கடி வரும். ஒன்று, ஐரோப்பியர் கணக்கில் நிலம், நீர், காற்று, நெருப்பு என்ற நால்வகைப் பூதங்களில் நீர். பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயிக்காக ஓவியர் லெ ப்ரன் 1664இல் வடிவமைத்த 'பூதங்கள்' தொகுதியில் நீருக்கு நெப்டியூன்தான். 1699இல் ஓவியர் மூன்றாம் க்ளோத் ஓத்ரான் வாசலில் தொங்கவிட வரைந்த 'தேவர் வாசல்திரைகள்' எட்டில் நான்கு பருவங்கள், நான்கு பூதங்கள். அங்கும் நீர் அவரே. மற்ற ஏழும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இருந்திருக்கும் என்று ஊகித்துவிடலாம்.

இரண்டாவது, பதவி. 14ஆம் லூயியின் மகன் துலூஸ் கோமகன் 1683இல், ஐந்து வயதில், பிரான்சின் கடற்படைத் தலைவன் ஆக்கப்பட்டான். அவனுக்காக போவே பட்டறை ஜான் பெரைனின் வடிவமைப்பில் நெய்த தொகுதியின் பெயர் 'கடல் வெற்றிகள்'. ஐந்து வயதுப் பையனுக்கு அட்மிரல் பதவி என்றால் வேறு என்ன நெய்வார்கள்!

மூன்றாவது, உண்மையாகவே நடந்த விழா. இதற்கு ஃப்ளாரன்ஸின் உஃபீட்சியில் இருக்கும் வலோவா டேப்பஸ்ட்ரிகளைப் போல் சாட்சி வேறில்லை. எட்டுத் துணிகள், 16ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி. அதில் ஒன்று, 1565 ஜூனில் பயோன் நகரில் பிரெஞ்சு அரசரின் தாய் கேத்தரின் தெ மெடிசி நடத்திய நீர் விழா. ஸ்பெயினின் அரசியாகிவிட்ட மகளைச் சந்திக்க வந்த தாய், ஆற்றில் ஒரு செயற்கைத் திமிங்கிலத்தை மிதக்கவிட்டார். படகுகளில் வந்தவர்கள் அதை ஈட்டியால் தாக்கினார்கள். ஆமை மேல் ட்ரைட்டன்கள் ஊதிக்கொண்டு வந்தன, நெப்டியூன் கடற்குதிரை வண்டியில் வந்தார், ஏரியன் டால்பின் மேல் வந்தான். இங்கே நீங்கள் பார்க்கிற தேவன், வேடம் கட்டிய அரண்மனை ஆள். முன்வரிசையில் நம்மைப் பார்த்து நிற்கும் பட்டுச் சட்டைக்காரர்களுக்குப் பின்னால், தண்ணீரில் சின்னதாகத் தேடினால் கிடைப்பார்கள்.

ஏழாம் படி: கரையும் முத்திரையும்

படத்தைச் சுற்றிய கரையைத் தாண்டி, வெளி விளிம்பில் நீலமோ பழுப்போ ஒரு வெற்றுப் பட்டை ஓடும். கீழ்ப்பட்டையில் குனிந்து தேடுங்கள். சிவப்புக் கேடயத்தின் இருபுறமும் 'B' என்ற ரோமன் எழுத்து ஒவ்வொன்று இருந்தால் அது பிரஸ்ஸல்ஸ்; ஒரு B நகரத்துக்கு, இன்னொன்று அது இருந்த பிரபான்ட் நாட்டுக்கு. இந்த முத்திரையை 1528இல் நகரமே கட்டாயமாக்கியது. வெள்ளைக் கேடயத்தில் சிவப்புச் சிலுவை என்றால் லண்டனுக்கு அருகே 1619இல் தொடங்கிய மோர்ட்லேக். கோப்லான் 1662, போவே 1664, இரண்டும் 14ஆம் லூயியிடம் கோல்பேர் அமைச்சராக இருந்த காலத்தில் பிறந்தவை.

முத்திரை இருப்பது நல்லது, இல்லாவிட்டால் போலி என்று அர்த்தமில்லை. பல துணிகளின் விளிம்பு வெட்டுப்பட்டுவிட்டது. வேறு துணியின் கரையை வெட்டி ஒட்டியதும் உண்டு, கரையும் படமும் சேரும் இடத்தில் வரியின் நெருக்கம் மாறுகிறதா என்று பாருங்கள். சாதாரண வேலையில் ஒரு சென்டிமீட்டருக்கு நாலைந்து பாவு இருக்கும், நேர்த்தியான வேலையில் ஏழெட்டு.

எட்டாம் படி: இடது கை

இது சின்ன விஷயம், ஆனால் கண்டுபிடித்தால் குஷியாக இருக்கும். நெசவாளி பின்பக்கமிருந்து நெய்வார். பாவு தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் படுக்கைத் தறியில் மாதிரி ஓவியத்தைப் பாவுக்குக் கீழே விரித்து, அதைப் பார்த்தபடி நெய்வதால், முடிந்த படம் இடம் வலம் மாறிவிடும். ஓவியரே முன்கூட்டி மாற்றி வரைந்துவிட்டால் சரியாக வரும். வத்திக்கான் டேப்பஸ்ட்ரிகளுக்காக ரஃபேல் வரைந்து இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏழு மாதிரிகளும் அப்படித் திருப்பி வரைந்தவை. மறந்துவிட்டால் நெப்டியூன் இடது கையால் ஈட்டியை ஓங்குவார், வாள்கள் வலது இடுப்பில் தொங்கும். படத்தில் எல்லோரும் இடது கைக்காரர்களாக இருந்தால் படுக்கைத் தறியைச் சந்தேகியுங்கள்.

வாங்கிவிட்டீர்களா?

சுருக்கமாக. தண்ணீரில் நனைக்காதீர்கள், உலர்சலவைக்கும் கொடுக்காதீர்கள். ஆணி, வளையம் வேண்டாம். மேல் விளிம்பு நெடுக வெல்க்ரோ தைத்த பட்டையில் தொங்கவிட்டால் எடை சீராக இறங்கும். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், அருங்காட்சியகங்கள் வைப்பது 50தான். உங்கள் வரவேற்பறை ஜன்னல் அதைவிடப் பல மடங்கு. கம்பளியைத் தின்னும் அந்துப்பூச்சிக்காக வருடம் இரண்டு முறை பின்பக்கத்தைப் பாருங்கள். தொடுவானத் தையல் விட்டிருந்தால் நீங்களே ஊசி எடுக்காதீர்கள்.

வாங்காதவர்களுக்கு ஒரு மதிய வேலை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் (மெட்), லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் போன்ற அருங்காட்சியகங்களின் தளத்தில் டேப்பஸ்ட்ரிகளைத் தேடி, கிடைக்கிற மிகப் பெரிய அளவில் திறந்துகொள்ளுங்கள். ஓத்ரானின் நெப்டியூன் வாசல்திரையை கோப்லான் பட்டறை 18ஆம் நூற்றாண்டு நெடுகத் திரும்பத் திரும்ப நெய்தது. இரண்டு பிரதிகள் கிடைத்தால் இன்னும் நல்லது, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்: எந்தப் பிரதியில் நீலம் தூக்கலாக இருக்கிறது, எதில் நுரை போய்விட்டது, ஈட்டி எந்தக் கையில் இருக்கிறது.